குடற்புழுத் தொற்றும் குடல்வால் அழற்சியும்

குடற்புழுத் தொற்றுக்கும் குடல்வால் அழற்சிக்கும் இடையே உள்ள தொடர்பு என்பது, மனிதக் குடலில் வாழும் ஒட்டுண்ணிப் புழுக்கள் குடல்வாலில் அழற்சியை உண்டாக்குகின்றனவா என்பது பற்றிய மருத்துவ ஆய்வுப்பொருள் ஆகும். அறுவை மருத்துவத்தின் மூலம் அகற்றப்படும் குடல்வால்களை நுண்ணோக்கியில் ஆராயும்போது, அவற்றுள் சிலவற்றில் புழுக்களோ அவற்றின் முட்டைகளோ காணப்படுகின்றன. இவ்வாறு மிகுதியாகக் காணப்படுவது ஊசிப்புழு ஆகும். இதனைப் பேச்சு வழக்கில் கீரிப்பூச்சி அல்லது கீரைப்பூச்சி என்பர். இப்புழுக்கள் குடல்வால் அழற்சிக்குக் காரணமா, அல்லது வேறு காரணத்தால் அழற்சியடைந்த குடல்வாலில் தற்செயலாக இருந்தவையா என்னும் வினா 100 ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வருகின்றது. புழுக்கள் சிலரில் குடல்வால் அழற்சியைப் போன்ற வலியைத் தோற்றுவிக்கக்கூடும் என்பதும், பெரும்பாலான குடல்வால் அழற்சிகளுக்குப் புழுக்கள் காரணமல்ல என்பதும் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட கருத்துகளாகும்.

குடல்வாலும் அதன் அழற்சியும்

சிறுகுடலும் பெருங்குடலும் இணையும் இடத்துக்குச் சற்றுக் கீழே, பெருங்குடலின் தொடக்கத்தில் பை போன்ற ஒரு பகுதி உள்ளது. இது குருட்டுக்குடல் எனப்படும். இதிலிருந்து விரல் போல நீண்டிருக்கும் சிறிய குழாயே குடல்வால் ஆகும். இதன் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபட்டாலும், பொதுவாக 8 முதல் 10 செ.மீ. வரை இருக்கும். இதன் ஒரு முனை குருட்டுக்குடலுக்குள் திறந்திருக்கும், மறுமுனை மூடியிருக்கும். உள்வெளி மிகவும் குறுகலானது. இவ்வமைப்பின் காரணமாகவே, இதன் வாய் அடைபட்டால் உள்ளே சுரக்கும் சளிப்பொருள் வெளியேற வழியின்றித் தேங்கிவிடுகின்றது.

தேக்கத்தினால் உள்ளழுத்தம் கூடும்போது, குடல்வாலின் சுவரிலுள்ள சிரைகளும் நிணநீர் நாளங்களும் அழுத்தப்படுகின்றன. இதனால் சுவர் வீங்கி, குருதியோட்டம் குறைகின்றது. அந்நிலையில் குடலில் இயல்பாக வாழும் பாக்டீரியாக்கள் சுவருக்குள் நுழைந்து அழற்சியை உண்டாக்குகின்றன. சிகிச்சை அளிக்கப்படாவிடின் சுவரின் ஒரு பகுதி அழுகித் துளை விழலாம். அவ்வாறு துளை விழுந்தால் சீழ் வயிற்றறையில் பரவி உயிருக்கு ஆபத்து ஏற்படும். 1930களில் அமெரிக்க அறுவை மருத்துவரான ஓவன் வாங்கென்சுடீன் நடத்திய ஆய்வுகள் இந்த அடைப்புக் கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தன. கெட்டிப்பட்ட மலக்கல், வீங்கிய நிணநீர்த் திசு, பழ விதைகள், கட்டிகள் ஆகியன அடைப்பை ஏற்படுத்தக்கூடியவை. புழுக்களும் இப்பட்டியலில் சேர்க்கப்படுவது வழக்கம். ஆயினும் எல்லா நோயாளிகளிலும் அடைப்பு காணப்படுவதில்லை. எனவே அடைப்பு மட்டுமே காரணம் என்று இன்று கருதப்படுவதில்லை.

குடல்வால் அழற்சி எவ்வயதிலும் ஏற்படலாம் எனினும், 10 முதல் 30 வயது வரையுள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படுகின்றது. மேலைநாட்டுக் கணிப்புகளின்படி, ஒருவருக்குத் தம் வாழ்நாளில் இந்நோய் ஏற்படும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு ஆகும்.

குடல்வாலில் காணப்படும் புழுக்கள்

ஊசிப்புழு

இதன் அறிவியல் பெயர் என்டெரோபியசு வெர்மிகுலாரிசு என்பதாகும். இதனைக் கார்ல் லின்னேயசு 1758ஆம் ஆண்டில் விவரித்தார். வெண்ணிறமான, நூல் போன்ற இப்புழுவின் பெண் 8 முதல் 13 மி.மீ. வரையும், ஆண் 2 முதல் 5 மி.மீ. வரையும் நீளமுடையவை. விழுங்கப்பட்ட முட்டைகள் சிறுகுடலில் பொரிக்கின்றன. முதிர்ந்த புழுக்கள் குருட்டுக்குடலிலும் அதன் அண்மைப் பகுதிகளிலும் வாழ்கின்றன. கருவுற்ற பெண்புழு இரவில் குதவாய்க்கு வெளியே வந்து, சுற்றியுள்ள தோலில் 10,000க்கும் மேற்பட்ட முட்டைகளை இடுகின்றது. இதனால் ஏற்படும் அரிப்பைச் சொறியும்போது முட்டைகள் விரல் நகங்களில் ஒட்டிக்கொண்டு மீண்டும் வாய்க்குச் செல்கின்றன. முட்டைகள் இடப்பட்ட சில மணி நேரத்திலேயே தொற்றும் திறனைப் பெறுகின்றன. படுக்கை விரிப்பு, உடை, விளையாட்டுப் பொருள்கள் ஆகியவற்றில் இரண்டு முதல் மூன்று கிழமைகள் வரை அவை உயிருடன் இருக்கக்கூடும்.

இப்புழு குளிர்நாடு, வெப்பநாடு, செல்வநாடு, வறியநாடு என்ற வேறுபாடின்றி உலகெங்கும் காணப்படுகின்றது. பள்ளி வயதுக் குழந்தைகளும் அவர்களுடைய வீட்டாருமே மிகுதியாகப் பாதிக்கப்படுகின்றனர். குருட்டுக்குடலே இதன் வாழிடமாக இருப்பதால், அதனோடு இணைந்துள்ள குடல்வாலுக்குள் இப்புழு நுழைவது வியப்பன்று. இவ்விடவமைப்பே கீழே விவரிக்கப்படும் விவாதத்தின் அடிப்படை எனலாம்.

பிற புழுக்கள்

உருண்டைப்புழு: நாக்குப்பூச்சி எனவும் அழைக்கப்படும் இது சிறுகுடலில் வாழ்வது, பெண்புழு 20 முதல் 35 செ.மீ. வரை வளரும். சில வேளைகளில் தன் வாழிடத்தை விட்டு நகர்ந்து பித்த நாளத்துக்குள்ளும், அரிதாகக் குடல்வாலுக்குள்ளும் நுழைவதுண்டு.

சாட்டைப்புழு: இதன் நீளம் 3 முதல் 5 செ.மீ. ஆகும். குருட்டுக்குடலின் உட்சுவரில் தன் மெல்லிய முன்பகுதியைப் புதைத்து வாழ்கின்றது. குடல்வாலிலும் இவ்வாறே பற்றிக்கொள்ளக்கூடும்.

நாடாப்புழு: இதன் உடற்கண்டங்கள் அல்லது முட்டைகள் அகற்றப்பட்ட குடல்வால்களில் அரிதாகக் காணப்பட்டுள்ளன.

சிசுடோசோமா: குருதி நாளங்களில் வாழும் தட்டைப்புழு. இதன் முட்டைகள் குடல்வாலின் சுவரிலேயே தங்கி, அவற்றைச் சுற்றி அழற்சிக் கணுக்களையும் நார்த்திசுவையும் உண்டாக்குகின்றன. இந்நோய் பரவலாக உள்ள ஆப்பிரிக்கப் பகுதிகளில் இது அறியப்பட்ட ஒரு நிலையாகும். மற்றப் புழுக்கள் குடல்வாலின் உள்வெளியில் அல்லது உட்பரப்பில் இருக்க, இதன் முட்டைகள் திசுவுக்குள் இருப்பதால் இங்குக் காரண விளைவுத் தொடர்பு ஓரளவு தெளிவாக உள்ளது.

வரலாறு

ஊசிப்புழு மனிதனோடு நெடுங்காலமாக வாழ்ந்துவரும் ஒட்டுண்ணியாகும். அமெரிக்காவின் யூட்டா மாநிலக் குகைகளில் கண்டெடுக்கப்பட்ட, ஏறத்தாழ 10,000 ஆண்டுகள் பழமையான உலர்ந்த மனித மலத்தில் இதன் முட்டைகள் இருந்தன.

குடல்வாலை வெற்றிகரமாக அகற்றியதாகப் பதிவு செய்யப்பட்ட முதல் அறுவை, 1735ஆம் ஆண்டில் இலண்டனில் குளோடியசு அமியாண்டு என்பவரால் செய்யப்பட்டது. 11 வயதுச் சிறுவன் ஒருவனின் குடலிறக்கத்தினுள் இருந்த குடல்வாலை அவர் அகற்றினார். அக்குடல்வாலைத் துளைத்திருந்தது, அச்சிறுவன் விழுங்கியிருந்த ஓர் உலோக ஊசியாகும். அயற்பொருள் ஒன்று குடல்வாலைக் கெடுக்கக்கூடும் என்பதற்கு இது தொடக்ககாலச் சான்றாக அமைந்தது.

1886ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ரெசினால்டு பிட்சு, வலப்புற அடிவயிற்றில் ஏற்படும் சீழ்க்கட்டிகள் பலவற்றுக்கு மூலகாரணம் குடல்வாலே என்று நிறுவினார். இந்நோய்க்கு இன்று வழங்கும் ஆங்கிலப் பெயரை அளித்தவரும் அவரே. 1889இல் சார்லசு மெக்பர்னி, அடிவயிற்றில் அழுத்தும்போது மிகுதியாக வலிக்கும் புள்ளியை விவரித்தார்.

இதனை அடுத்த ஆண்டுகளிலேயே புழுக்கள் மீது ஐயம் எழுந்தது. 1899இல் இங்கிலாந்தின் குழந்தை மருத்துவர் சார்ச்சு பிரெடெரிக் இசுட்டில், குழந்தைகளில் காணப்படும் ஊசிப்புழுக்களைப் பற்றிய தம் கட்டுரையில், குடல்வால் அவற்றின் இருப்பிடமாக அமைவதைச் சுட்டிக்காட்டினார். 1901இல் பாரிசில் பணியாற்றிய இலியா மெச்சினிக்கோவ், குடல்வால் அழற்சியில் புழுக்களுக்குப் பங்குண்டு என்று வாதிட்டார். பின்னர் 1908இல் நோய் எதிர்ப்பாற்றல் பற்றிய ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்ற அறிவியலாளர் என்பதால், அவருடைய கருத்து பரவலான கவனத்தைப் பெற்றது. எனினும், புழு இல்லாத குடல்வால்களிலும் அழற்சி இருப்பதையும், அழற்சி இல்லாத குடல்வால்களிலும் புழு இருப்பதையும் மற்றவர்கள் எடுத்துக்காட்டியதால் இக்கருத்து முழுமையாக ஏற்கப்படவில்லை.

தொடர்பு ஏற்படக்கூடிய வழிகள்

புழுக்கள் குடல்வாலில் நோயை உண்டாக்கக்கூடிய வழிகளாகப் பின்வருவன முன்வைக்கப்படுகின்றன.

1. அடைப்பு: புழுக்களோ, அவற்றின் முட்டைகளும் மலமும் சேர்ந்த திரளோ குடல்வாலின் குறுகிய உள்வெளியை அடைத்துவிடலாம்.

2. உட்பரப்பில் புண்: புழு பற்றிக்கொள்ளும் இடத்தில் சளிச்சவ்வு சிதைந்து, பாக்டீரியாக்கள் நுழைய வழி ஏற்படலாம்.

3. நிணநீர்த் திசு வீக்கம்: குடல்வாலின் சுவரில் நிணநீர்த் திசு நிறைந்துள்ளது. ஒட்டுண்ணிக்கு எதிராக அது வீங்கும்போது உள்வெளி மேலும் சுருங்கலாம்.

4. அழற்சியின்றி வலி: புழுக்களின் அசைவு குடல்வாலைத் தூண்டி, அது வலிப்புற்றுச் சுருங்குவதால் வலி தோன்றலாம். இவ்வலி மருத்துவரீதியில் குடல்வால் அழற்சியை ஒத்திருக்கும். ஆனால் திசுவில் அழற்சிக்கான அறிகுறிகள் இரா.

இவற்றுள் நான்காவதே பலருடைய நோக்கில் வலுவான விளக்கமாகக் கருதப்படுகின்றது.

ஆய்வுச் சான்றுகள்

ஆதரவான சான்றுகள்

2020ஆம் ஆண்டில் பிளாசு ஒன் இதழில் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 31 நாடுகளைச் சேர்ந்த 59 ஆய்வுகளை ஒன்றுதிரட்டியது. இவற்றில் அடங்கிய குடல்வால் மாதிரிகளின் எண்ணிக்கை 1,00,000க்கும் மேற்பட்டதாகும். இம்மாதிரிகளில் ஊசிப்புழு காணப்பட்ட அளவு சராசரியாக 4 விழுக்காடு என்று அது மதிப்பிட்டது. தனித்தனி ஆய்வுகளில் இவ்வளவு பெரிதும் வேறுபடுகின்றது. அந்தந்த நாட்டில் புழுத்தொற்றின் பரவல், நோயாளிகளின் வயது, எத்தனை திசுத்துண்டுகள் ஆராயப்பட்டன என்பன இவ்வேறுபாட்டுக்குக் காரணங்களாகும். புழு காணப்பட்ட குடல்வால்களுள் ஒரு பகுதியில் கடுமையான அழற்சியும், மிகச் சிலவற்றில் துளை விழுந்த நிலையும் இருந்ததாக நோயர் அறிக்கைகள் உள்ளன.

எதிரான சான்றுகள்

புழு காணப்பட்ட குடல்வால்களுள் கணிசமானவை திசு ஆய்வில் இயல்பாகவே இருப்பதாகப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அழற்சியுற்ற குடல்வால்களை விட, அழற்சி இல்லாத குடல்வால்களிலேயே புழுக்கள் மிகுதியாக இருந்ததாகக் கூறும் ஆய்வுகளும் உண்டு. புழுவே அழற்சிக்குக் காரணம் எனில் இதற்கு நேர்மாறான முடிவே கிடைத்திருக்க வேண்டும்.

இதற்கு மறுமொழியாக, அழற்சி முற்றும்போது குடல்வாலின் உட்சூழல் மாறிவிடுவதால் புழுக்கள் அங்கிருந்து வெளியேறிவிடுகின்றன என்றும், அதனால் அழற்சியுற்ற மாதிரிகளில் அவை குறைவாகவே அகப்படுகின்றன என்றும் சிலர் வாதிடுகின்றனர். அகற்றப்பட்ட உறுப்பை மட்டும் வைத்து இவ்வாதத்தை மெய்ப்பிக்கவோ மறுக்கவோ இயலாது.

சான்றுகளின் வரம்பு

நலமாக உள்ளவர்களின் குடல்வால் அகற்றப்படுவதில்லை. எனவே நோயற்ற மக்களின் குடல்வால்களில் புழுக்கள் எந்த அளவில் உள்ளன என்பதை நேரடியாக ஒப்பிட்டுப் பார்ப்பது கடினம். அழற்சி இல்லை என்று கண்டறியப்பட்ட குடல்வாலும், வயிற்றுவலி வந்ததனாலேயே அகற்றப்பட்டது என்பதால், அதனை உண்மையான ஒப்பீட்டு மாதிரியாகக் கொள்ள முடியாது. இரு நிகழ்வுகள் ஒருங்கே காணப்படுவது மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதற்குச் சான்றாகாது என்னும் அடிப்படை நெறியை இங்கு நினைவிற் கொள்ள வேண்டும்.

மக்கள்தொகை நோக்கு

புழுக்களே குடல்வால் அழற்சியின் முதன்மைக் காரணம் எனில், புழுத்தொற்று மிகுந்த நாடுகளில் இந்நோய் மிகுந்தும், தூய்மை மேம்பட்ட நாடுகளில் குறைந்தும் இருக்க வேண்டும். வரலாறு இதற்கு மாறாக உள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், குடிநீரும் கழிவகற்றலும் மேம்பட்டுவந்த மேலை நாடுகளிலேயே குடல்வால் அழற்சி வேகமாகப் பெருகியது.

இதனை விளக்க இரு கருதுகோள்கள் பரவலாக அறியப்பட்டுள்ளன. டெனிசு பர்க்கிட் 1971இல், உணவில் நார்ப்பொருள் குறைந்ததே காரணம் என்றார். டேவிட் பார்க்கர் 1980களில் பிரித்தானியத் தரவுகளைக் கொண்டு மற்றொரு விளக்கத்தை முன்வைத்தார். வீடுகளில் குழாய்நீரும் குளியலறையும் வந்தபின் குழந்தைகள் இளவயதில் சந்திக்கும் தொற்றுகள் குறைந்தன என்றும், பின்னர் ஏற்படும் தொற்றுக்கு அவர்களின் குடல்வால் மிகையாக எதிர்வினை ஆற்றுகின்றது என்றும் அவர் கருதினார். இவ்விரண்டும் முழுமையாக நிறுவப்படவில்லை. எனினும், உலக அளவில் இந்நோயின் ஏற்ற இறக்கத்தைப் புழுக்களைக் கொண்டு விளக்க முடியாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.

நோயறிதல்

குடல்வால் அழற்சியில் வலி பெரும்பாலும் தொப்புளைச் சுற்றித் தொடங்கி, சில மணி நேரத்தில் வலப்புற அடிவயிற்றுக்கு நகரும். பசியின்மை, குமட்டல், வாந்தி, இலேசான காய்ச்சல் ஆகியவையும் காணப்படும். அறிகுறிகளையும் குருதிச் சோதனை முடிவுகளையும் மதிப்பெண்களாகக் கணக்கிடும் அல்வராடோ அளவீடு 1986இல் அறிமுகமானது. மீயொலி ஆய்வும் சி.டி. வருடலும் நோயை உறுதிப்படுத்த உதவுகின்றன.

புழுவினால் உண்டாகும் வலியை அறுவைக்கு முன்னரே பிரித்தறிவது கடினம். குதவாய் அரிப்பு, உறக்கக் குறைவு, வீட்டில் மற்றவருக்கும் புழுத்தொற்று இருத்தல் ஆகியவை ஐயத்தை எழுப்பலாம். ஊசிப்புழு முட்டைகள் மலச்சோதனையில் பெரும்பாலும் அகப்படுவதில்லை. காலையில் மலங்கழிப்பதற்கும் குளிப்பதற்கும் முன் குதவாயைச் சுற்றிய தோலில் ஒட்டுநாடாவை ஒற்றியெடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உரிய சோதனையாகும். ஊசிப்புழு பொதுவாகத் திசுவுக்குள் ஊடுருவாததால், குருதியில் இயோசினோபில் அணுக்கள் உயராமலும் இருக்கலாம். ஒருவருக்குப் புழுத்தொற்று இருப்பது உறுதியானாலும், அவருக்குக் குடல்வால் அழற்சி இல்லை என்று அதைக்கொண்டு முடிவு செய்யலாகாது. இரண்டும் ஒரே வேளையில் இருக்கக்கூடும்.

சிகிச்சை

குடல்வால் அழற்சிக்கு அறுவை மருத்துவமே நெடுங்காலமாக நிலைபெற்ற சிகிச்சையாகும். 1980இல் செருமானிய மருத்துவர் குர்ட் செம் அகநோக்கி வழியாகக் குடல்வாலை அகற்றியதைத் தொடர்ந்து அம்முறை பரவலாயிற்று. சிக்கலற்ற நோயாளிகளுக்கு நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் மட்டும் சிகிச்சை அளிக்கும் முறையும் இன்று உள்ளது. 2020இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இவ்வாறு சிகிச்சை பெற்றவர்களுள் 10 பேரில் ஏறத்தாழ 3 பேருக்கு 90 நாள்களுக்குள் அறுவை தேவைப்பட்டது. பாக்டீரியாக்களுக்கு எதிரான இம்மருந்துகள் குடற்புழுக்களை ஒழிப்பதில்லை.

அறுவையின்போது குடல்வாலை வெட்டியவுடன் புழுக்கள் வெளிவருவதை மருத்துவர்கள் கண்டுள்ளனர். அந்நிலையில், அவை வயிற்றறைக்குள் விழாதவாறு வெட்டுமுனையை விரைந்து மூடுவது முதன்மையானதாகும்.

குடல்வாலை அகற்றுவதால் புழுத்தொற்று நீங்கிவிடாது. ஏனெனில் புழுக்கள் பெருங்குடலிலும் வாழ்கின்றன. எனவே திசு ஆய்வு அறிக்கையில் புழு இருந்ததாகக் குறிப்பிடப்பட்டால், நோயாளிக்குப் புழுக்கொல்லி மருந்து அளிக்க வேண்டும். அறிக்கை பெரும்பாலும் நோயாளி வீடு திரும்பிய பின்னரே கிடைப்பதால், அதனைக் கேட்டுப் பெறுவது நன்று. ஊசிப்புழுவுக்கு அல்பென்டசோல், மெபென்டசோல், பைரன்டெல் பமோயேட் ஆகியவற்றுள் ஒன்று வழங்கப்படுகின்றது. இம்மருந்துகள் முட்டைகளை முழுமையாக அழிக்காததால், இரண்டு கிழமைகளுக்குப் பின் மீண்டும் ஒரு வேளை மருந்து தரப்படும். வீட்டிலுள்ள அனைவரும் ஒரே நேரத்தில் மருந்து எடுத்துக்கொள்வது மறுதொற்றைத் தடுக்கும். கருவுற்றவர்களுக்கும் 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் மருத்துவரின் அறிவுரைப்படியே மருந்து தரவேண்டும்.

பேதி மருந்தின் இடர்

வயிற்றுவலிக்குப் பூச்சியே காரணம் என்று கருதி, விளக்கெண்ணெய் முதலியவற்றைக் கொடுத்துப் பேதியாகச் செய்யும் வழக்கம் தமிழர் வீடுகளிலும் பிற நாடுகளிலும் இருந்துவந்துள்ளது. வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருப்பின் இது ஆபத்தானது. பேதி மருந்து குடலின் அசைவைக் கூட்டுவதால் குடல்வாலில் துளை விழும் வாய்ப்பு மிகும். உரிய சிகிச்சையும் காலந்தாழ்ந்துபோகும். 1930களில் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், வயிற்றுவலிக்குப் பேதி மருந்து உட்கொள்ளக் கூடாது என்று மக்களை எச்சரிக்கும் பரப்புரையே நடத்தப்பட்டது.

ஆகவே, சில மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும், வலப்புற அடிவயிற்றுக்கு நகரும், அல்லது காய்ச்சல், வாந்தியுடன் கூடிய வயிற்றுவலிக்கு வீட்டு மருத்துவமோ புழு மாத்திரையோ தீர்வாகாது. உடனே மருத்துவரை அணுக வேண்டும். கடுமையாக இருந்த வலி திடீரெனக் குறைவதும் நலமடைந்ததற்கான உறுதியான அறிகுறி அன்று. குடல்வாலில் துளை விழும்போதும் அவ்வாறு நேரலாம்.

தடுப்பு

குடல்வால் அழற்சியைத் தடுக்க உறுதியான வழி எதுவும் அறியப்படவில்லை. புழுத்தொற்றைத் தடுக்கலாம். உணவுக்கு முன்னும் கழிப்பறைக்குச் சென்ற பின்னும் கைகளைச் சவர்க்காரத்தால் கழுவுதல், நகங்களை ஒட்ட வெட்டுதல், காலையில் குளித்தல், உள்ளாடைகளையும் படுக்கை விரிப்புகளையும் அடிக்கடி துவைத்தல் ஆகியவை ஊசிப்புழுவைக் கட்டுப்படுத்தும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு ஆகியவை மண்வழிப் பரவுவதால், கழிப்பறைப் பயன்பாடும் காய்கறிகளை நன்கு கழுவுதலும் இன்றியமையாதன.

இந்தியாவில் தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இதன்கீழ் 1 முதல் 19 வயது வரையுள்ளோருக்குப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் அல்பென்டசோல் மாத்திரை வழங்கப்படுகின்றது. மண்வழிப் பரவும் புழுக்களால் ஏற்படும் இரத்தசோகையையும் ஊட்டக்குறைவையும் குறைப்பதே இத்திட்டத்தின் நோக்கமாகும். குடல்வால் அழற்சியைத் தடுப்பது அன்று. ஆதலால், ஒரு குழந்தை புழு மாத்திரை உட்கொண்டிருந்தாலும் இல்லாவிட்டாலும், குடல்வால் அழற்சிக்குரிய வலி தோன்றினால் அதனை ஒரே விதமான விரைவுடன் அணுக வேண்டும்.